ஜாகுவாரின் நீண்ட பானெட்: கேட்டவருக்கு ஒரு விரிவான பதில்

நீங்கள் எழுதியது மூன்றே வரி. "விற்றுக்கொண்டிருந்த மாடல்களை எல்லாம் நிறுத்திவிட்டு, ஷோரூமைக் காலியாகப் போட்டுவிட்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு காரைக் காட்டி, இனிமேல் நாங்கள் இப்படித்தான் என்கிறது ஜாகுவார். டாடா இதற்கு எப்படிச் சம்மதித்தது? வரப்போகிற கார் உண்மையில் எப்படி இருக்கும்?" இதைப் படித்ததும் எல்லோருக்கும் அந்த 30 விநாடி விளம்பரமும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்த புது லோகோவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் உங்கள் கேள்வி லோகோவைப் பற்றியது அல்ல என்று நினைக்கிறேன். ஒரு கார் கம்பெனி தன் பழைய வாடிக்கையாளர்களைப் போகவிட்டு, வேறு விலையில், வேறு ஆட்களுக்கு, அதே பெயரில் கார் விற்க முடியுமா என்பதைத்தான் கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. கார் வடிவமைப்பில் சர்ஃபேஸ் வேலை செய்கிறேன், பத்தொன்பது வருடம் ஆகிறது. டிசைனர் வரைந்த கோட்டையும் களிமண்ணில் செய்த மாடலையும் ஏலியாஸ் மென்பொருளில் துல்லியமான வளைபரப்புகளாக மாற்றி, தகடு அடிக்கிற டை (அச்சு) செய்யும் இடம்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. பெரும்பகுதி சென்னையில்; நடுவில் நான்கு வருடம் இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில், ஒரு சப்ளையர் கம்பெனி வழியாக. ஜாகுவாரில் நான் வேலை பார்த்ததில்லை. அதனால் வடிவத்தைப் பற்றி இங்கே சொல்வதைத் தொழில் தெரிந்தவன் பேச்சாக எடுத்துக்கொள்ளலாம். விலை, சந்தை பற்றிச் சொல்வதைக் கார் மீது அக்கறை உள்ள ஒருவனின் கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2018-19 நிதியாண்டில் ஜாகுவார் உலகம் முழுவதும் விற்றது சுமார் 1.8 லட்சம் கார். அதுதான் அதன் உச்சம். அதே காலத்தில் பிஎம்டபிள்யூ என்ற ஒரு பிராண்டு மட்டும் வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் விற்றது. சரி, கம்பெனி சிறியதாக இருப்பதில் தப்பில்லையே என்று தோன்றும். தப்பு எங்கே என்றால், அந்தச் சிறிய கம்பெனி பெரிய கம்பெனிகளின் மைதானத்திலேயே போய் நின்றது. 2015இல் வந்த எக்ஸ்இ, பிஎம்டபிள்யூ 3 சீரிஸுக்கு நேர் எதிராக நிறுத்தப்பட்ட கார். உடல் முக்கால்வாசி அலுமினியம், ஓட்டுவதற்கு அருமை; வடிவம் செய்தவர் இயன் காலம், இருபது வருடம் ஜாகுவாரின் டிசைன் தலைவராக இருந்தவர். ஆனால் அலுமினிய உடலுக்கான செலவைப் பத்து லட்சம் காரில் பிரித்துப் போட்டால் ஒரு காருக்கு வருவது ஒரு கணக்கு, சில பத்தாயிரம் காரில் பிரித்தால் வருவது வேறு கணக்கு. விலையை ஏற்றவும் முடியாது, பக்கத்துக் கடையில் ஜெர்மன் கார் அதே விலையில் நிற்கிறது. போதாததற்கு அந்த நேரத்தில்தான் ஐரோப்பாவில் டீசல் சரிந்தது, செடான் வாங்குகிறவர்கள் எஸ்யூவிக்குப் போனார்கள். சண்டை மும்முரமான நேரத்தில், காலுக்குக் கீழே மைதானமே மாறிவிட்டது.

இன்னொரு சங்கடம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஃபோர்டிடமிருந்து டாடா 2008இல் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து 230 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போது நிறையப் பேர் ஜாகுவார் என்ற பெயருக்குத்தான் மதிப்பு என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. லேண்ட் ரோவரின் ரேஞ்ச் ரோவரும் டிஃபெண்டரும்தான் சம்பாதித்துக் கொடுத்தன. 2024-25 நிதியாண்டில் ஜேஎல்ஆர் (ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் சேர்ந்த கம்பெனி) மொத்தம் விற்றது 4 லட்சம் கார். அதில் ஜாகுவார் 27,000க்கும் குறைவு. அந்த வருடம் கம்பெனியின் வருமானம் 2,900 கோடி பவுண்டு, வரிக்கு முந்தைய லாபம் 250 கோடி பவுண்டு. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே டாடா ஏன் சம்மதித்தது என்பது பாதி புரிந்துவிடும். ஜாகுவார் சறுக்கினாலும் குடும்பம் கவிழாது. பழையபடியே ஓட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு வருடமும் ரேஞ்ச் ரோவர் சம்பாதித்ததில் ஒரு பங்கு அந்தப் பக்கம் போகும். மூடிவிடலாம், ஆனால் 1935இலிருந்து இருக்கிற ஒரு பெயரைத் திரும்ப உண்டாக்க எவ்வளவு பணம் கொடுத்தாலும் முடியாது. ஆகவே குறைவாகச் செய்து, அதிக விலைக்கு விற்கும் வழி. அப்போது தலைவராக இருந்த தியரி பொல்லோரே 2021 பிப்ரவரியில் அறிவித்த திட்டம் இதுதான்: ஜாகுவார் 2025 முதல் முழு மின்சாரப் பிராண்டு. கிட்டத்தட்டத் தயாராகிக்கொண்டிருந்த, எக்ஸ்ஜே என்ற தங்கள் பெரிய செடானின் மின்சார வடிவத்தையும் அதே அறிவிப்பில் ரத்து செய்தார்கள். எனக்கு அன்றைக்கு மனசு கனத்துப்போனது. வருடக்கணக்கில் செய்த ஒரு காரை வெளிச்சமே காட்டாமல் உள்ளே வைத்துப் பூட்டுவது, அதைச் செய்தவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு தவறான செய்தியைத் திருத்த வேண்டும். 2025 ஏப்ரலில் ஐரோப்பாவில் ஜாகுவார் 49 கார் மட்டுமே விற்றது, முந்தைய வருடம் அதே மாதம் 1,961 என்று ஒரு செய்தி ஓடியது. விளம்பரத்தைப் பார்த்து ஜனங்கள் கோபத்தில் ஒதுக்கிவிட்டார்கள் என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். எண் சரி, விளக்கம் தப்பு. எக்ஸ்இ, எக்ஸ்எஃப், எஃப்-டைப் மூன்றின் தயாரிப்பும் 2024லேயே முடிந்துவிட்டது. பிரிட்டனில் புதுக் கார் விற்பனையை அந்த வருடம் நவம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். கடையில் சரக்கு இல்லை, அதனால் விற்கவில்லை. இந்த இடைவெளி அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. பழைய காரைத் தள்ளுபடியில் விற்றுக்கொண்டே பக்கத்தில் இரண்டு மடங்கு விலையில் புதுக் காரை நிறுத்த முடியாது என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் கடை நடத்துகிற டீலருக்கும், சர்வீஸ் செய்கிற மெக்கானிக்குக்கும் அது நீண்ட பட்டினி.

இப்போது எனக்குத் தெரிந்த பகுதிக்கு வருகிறேன்.

ஜாகுவாரை ஆரம்பித்த வில்லியம் லயன்ஸ், 1922இல் பிளாக்பூல் ஊரில் மோட்டார் சைக்கிளுக்கு சைடுகார் செய்துகொண்டிருந்தவர். அவர் பெரிதாக ஓவியம் வரைகிறவர் அல்ல. தகடு அடிக்கிற கைவினைஞர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழு அளவில் மாதிரி உடலைச் செய்யச் சொல்லி, அதை வாப்பன்பரி ஹால் என்ற தன் வீட்டுக்கு எடுத்துப்போய் வெளியே நிறுத்தி, இயற்கை வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துத் திருத்துவார். கார் கடைசியில் நிற்கப் போவது ஒரு வீட்டு வாசலில்தானே.

இன்றைக்கும் எங்கள் வேலை அடிப்படையில் அதுதான். களிமண்ணை அடுப்பில் 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, வெண்ணெய் பதத்தில் கையால் அப்பி, ஆறியதும் இரும்புத் தகட்டால் சீவிச் சீவி வடிவம் கொண்டுவருவார்கள். பார்க்கக் காவி படிந்த மண்மேடு மாதிரி இருக்கும். வெளிச்சம் அதில் ஒட்டாது. அதனால் டைநாக் என்று ஒரு மெல்லிய பளபளப்புத் தாளைத் தண்ணீரில் நனைத்து, நாலு பேர் நாலு பக்கம் பிடித்து இழுத்து அதன் மேல் போர்த்துவார்கள். சுருக்கம் விழாமல் இழுக்கும்வரை யாரும் பேச மாட்டோம். தாள் ஒட்டியதும் மேலே வரிசையாக எரிகிற குழல் விளக்குகள் கதவின் மேல் கோடு கோடாக ஓடும். அந்தக் கோடு ஓரிடத்தில் சற்றே நெளிந்தாலும் போதும், அங்கே மேற்பரப்பு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அரை மில்லிமீட்டர் தப்புகூட அந்தக் கோட்டில் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இருபது அடி தள்ளி நின்று பார்க்கும்போது அந்தக் கோடு எதுவும் தெரியாது. அப்போது தெரிவது ஒன்றே ஒன்று, விகிதம். சக்கரம் எங்கே, பானெட் எவ்வளவு நீளம், கூரை எங்கே உட்காருகிறது என்பது. விகிதம் தப்பாக இருந்தால் எத்தனை மாதம் சீவினாலும் கார் தேறாது.

மிட்லண்ட்ஸில் இருந்தபோது விடுமுறை நாள் கிடைத்தால் கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குப் போய்விடுவேன். அங்கே 77 ஆர்டபிள்யூ என்ற பதிவு எண்ணோடு ஜாகுவாரின் ஈ-டைப் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஈ-டைப்பை அறிமுகப்படுத்தியபோது, ஓட்டிப் பார்க்கக் கூட்டம் தாங்காமல், இன்னொரு காரை உடனே அனுப்பு என்று கோவென்ட்ரியில் இருந்த ஆலைக்குச் சொன்னார்கள். சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்த கார் அது. அதன் பக்கவாட்டில் நின்று பாருங்கள். காரின் பாதி நீளம் பானெட்தான். உள்ளே ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கிற நீளமான எஞ்சின். அதற்கு அப்புறம்தான் முன் கண்ணாடி, அப்புறம் பின் சக்கரத்தை ஒட்டி இரண்டு பேர். முன் சக்கரத்தின் மையத்துக்கும் கதவின் தொடக்கத்துக்கும் நடுவில் அத்தனை இடம். இந்த இடைவெளியைப் பார்த்ததும் நம் கண், யாரும் சொல்லித்தராமலே, உள்ளே பலமான எஞ்சின் இருக்கிறது, இது விலை உயர்ந்த கார் என்று முடிவு செய்துவிடும். ஒரு நூறு வருடமாகக் கார் பார்த்துப் பழகிய கண்.

மின்சாரக் காரில் இந்த நியாயம் அடிபட்டுப் போகிறது. எஞ்சின் இல்லை, பானெட் தேவையில்லை. முன் கண்ணாடியை முன்னால் தள்ளி, உட்காரும் இடத்தைப் பெரிதாக்கலாம். ஜாகுவார் 2018இல் கொண்டுவந்த ஐ-பேஸ் அப்படித்தான் செய்தது. 2019இல் உலகின் சிறந்த கார் விருதும் வாங்கியது. மெர்சிடிஸ் 2021இல் இகியூஎஸ் காரை முன்னும் பின்னும் ஒரே வில்லாக வளைத்தது; காற்று எதிர்ப்புக் குணகம் 0.20, பொறியியலாகப் பார்த்தால் அது ஒரு சாதனை. ஆனால் எஸ் கிளாஸ் வாங்குகிற பணக்காரர் அதைப் பார்த்து ஆசைப்படவில்லை. தேவைக்கு மேல் இடத்தை விட்டு வைப்பதில்தான் செல்வம் தெரியும். செட்டிநாட்டு வீட்டில் திண்ணை, முகப்பு, வளவு என்று தாண்டித் தாண்டித்தான் ஆள் இருக்கும் இடத்துக்கு வருவோம். வாசலைத் திறந்ததும் சமையலறை தெரிந்தால் அது அந்த வீடு இல்லை.

2024 டிசம்பரில் மியாமியில் காட்டிய, நீங்கள் சொன்ன அந்த இளஞ்சிவப்புக் கார், டைப் 00 என்ற கான்செப்ட் (விற்பனைக்கு அல்லாத மாதிரி), இந்த இடத்தில்தான் எனக்கு முக்கியமாகிறது. தேவையே இல்லாத நீளமான பானெட்டை அவர்கள் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். முன் கண்ணாடி பின்னால் போயிருக்கிறது, கூரை தாழ்ந்து பின்பக்கம் சரிகிறது, சக்கரம் 23 அங்குலம். பேட்டரி பொதுவாகத் தரைக்கு அடியில் படுப்பதால் ஆட்களும் கூரையும் மேலே தள்ளப்படும். மின்சாரக் கார்கள் பலவும் கொஞ்சம் தடித்துத் தெரிவதற்குக் காரணம் அதுதான். அந்தத் தடிமனை மறைக்க இருக்கிற வழிகள் குறைவு: காரை நீட்டு, அகலமாக்கு, சக்கரத்தைப் பெரிதாக்கு. போர்ஷே டைகானில் பின்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கிற இடத்தில் பேட்டரியில் பள்ளமே விட்டிருக்கிறார்கள். டைப் 00 நீட்டும் வழியை முழு மூச்சாக எடுத்திருக்கிறது. பார்த்தவர்கள் பலர், ஜாகுவார் மாதிரியே இல்லை என்றார்கள். நிறத்தையும் முகத்தையும் பார்த்தால் அப்படித்தான். ஈ-டைப் முழுக்க உருண்டை, இது செதுக்கிய பாறை மாதிரி தட்டையான பரப்புகள். ஆனால் இருபது அடி தள்ளி நின்று, நிழலுருவாக மட்டும் பார்த்தால், கடந்த இருபது வருடத்தில் வந்த பல ஜாகுவார்களைவிட இதில் லயன்ஸின் விகிதம் அதிகமாக இருக்கிறது. இதைத் தொழில் தெரிந்தவனாகவே சொல்கிறேன், கருத்து வேறுபாடு இருந்தால் இரண்டு படங்களையும் கருப்பு நிழலாக்கி ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

பழைய ஈ-டைப்பையே மின்சாரத்தில் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம், நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்த மருந்தை ஜாகுவார் ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்துவிட்டது. 1968இன் எக்ஸ்ஜே அத்தனை அழகு. அதனால் ஃபோர்டு காலத்தில் அதைவிட்டு நகரவே பயந்தார்கள். 2001இன் எக்ஸ்-டைப், ஃபோர்டு மான்டியோவின் அடித்தளத்தின் மேல் எக்ஸ்ஜேயின் சாயலைப் போர்த்திய கார். 2003இன் எக்ஸ்ஜே இன்னும் வருத்தமான கதை. முழு உடலும் அலுமினியம், ஒட்டியும் ரிவெட் அடித்தும் செய்தது, அந்தக் காலத்துக்கு மிக முன்னால் நின்ற பொறியியல். ஆனால் வெளியே பார்த்தால் முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய கார். புதுசு என்றே யாருக்கும் தெரியவில்லை. டிசைன் தலைவர் இயன் காலம் 2007இல் எக்ஸ்எஃப் மூலமாக அந்தப் பிடியை உடைத்தார். அதனால், எதையும் நகலெடுக்காதே என்ற ஜாகுவாரின் இன்றைய கோஷத்தை நான் வெறும் விளம்பரப் பேச்சாகத் தள்ள மாட்டேன். ஜாகுவார் எதன் நகலாகவும் இருக்கக் கூடாது என்று லயன்ஸ் சொன்னதாகச் சொல்லப்படும் வார்த்தையிலிருந்து வந்தது அது.

ஆனால் லயன்ஸின் பேரைச் சொல்லும்போது அவருடைய இன்னொரு பாதியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு உறுத்துவது இதுதான். 1948இன் எக்ஸ்கே120 ஸ்போர்ட்ஸ் கார் வரிக்கு முன் 998 பவுண்டு. ஈ-டைப் வந்தபோது விலை 2,100 பவுண்டு அளவில். அன்றைய ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 கிட்டத்தட்ட அதற்கு இரண்டு மடங்கு. அழகிலும் வேகத்திலும் பெரிய வீட்டுக் காரை, அதில் பாதி விலைக்குக் கொடுத்ததுதான் லயன்ஸின் வியாபாரம். ஒரு டாக்டரோ, ஓரளவு வசதியான கடைக்காரரோ ஆசைப்பட்டு, சேமித்து வாங்கக்கூடிய கார் அது. வரப்போகிற நான்கு கதவு ஜிடி (நெடுந்தூரம் சொகுசாக ஓட்டும் வகைக் கார்) 1 லட்சம் பவுண்டைத் தாண்டும் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. நம் பணத்தில், இறக்குமதி வரி சேர்க்காமலேயே, ஒரு கோடிக்கு மேல். ஜாகுவாரின் நிர்வாக இயக்குநர் ராடன் குளோவர், பழைய வாடிக்கையாளர்களில் 10 முதல் 15 சதவீதம் பேர்தான் கூட வருவார்கள் என்று எதிர்பார்ப்பதாகவும் சொல்லிவிட்டார். கணக்காகப் பார்த்தால் இது சரியாக இருக்கலாம். ஆனால் இது லயன்ஸின் வழி அல்ல, அதற்கு நேர் எதிர் வழி. அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் பழைய ஆட்களுக்கு இவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன்.

அந்த விளம்பரத்தைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கார் கம்பெனியின் விளம்பரத்தில் கார் இல்லை. நீங்கள் கார் விற்கிறீர்களா என்று எலான் மஸ்க் கேட்டது உலகம் முழுக்கப் பரவியது. விளம்பரம் வந்தது நவம்பர் மூன்றாம் வாரம், கார் வந்தது டிசம்பர் தொடக்கம். அந்த இரண்டு வாரத்தில் ஜனங்கள் மனதில் ஒரு தீர்ப்பு உட்கார்ந்துவிட்டது. அப்புறம் காரைப் பார்த்தவர்கள் அந்தத் தீர்ப்பின் வழியாகவே பார்த்தார்கள். முதலில் காரைக் காட்டியிருந்தால் விவாதம் காரைப் பற்றி இருந்திருக்கும். களிமண்ணோடு மாதக்கணக்கில் நின்றவர்களுக்குச் செய்த அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வரப்போகிற காரைப் பற்றி எது உறுதி, எது இல்லை? டைப் 00 என்ற கான்செப்டின் பெயரில் உள்ள இரண்டு பூஜ்யத்தில் ஒன்று புகை இல்லை என்பதற்கு, இன்னொன்று புதிய வரிசையின் தொடக்கம் என்பதற்கு. முதல் கார் நான்கு கதவு ஜிடி. இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் செய்யப்படும். ஜாகுவாருக்கென்றே உருவாக்கிய ஜேஇஏ என்ற அடித்தளம். ஒரு சார்ஜில் ஐரோப்பியச் சோதனை முறைப்படி 770 கிலோமீட்டர் வரையும், வேக சார்ஜரில் 15 நிமிடத்தில் 321 கிலோமீட்டருக்கும் இலக்கு வைத்திருப்பதாக அறிவித்திருக்கிறார்கள். இவை இலக்குகள், கார் சாலைக்கு வந்து மற்றவர்கள் ஓட்டி அளந்த பிறகுதான் உண்மைகள். கான்செப்டில் இருந்த, மேலே தூக்கித் திறக்கிற கதவுகள் நான்கு கதவுக் காரில் வராது. பின்கண்ணாடி இல்லாமல் கேமரா வழியாகப் பார்ப்பது தொடரும் என்றே தெரிகிறது. போலஸ்டார் 4 ஏற்கெனவே அப்படி ஓடுகிறது. அந்தத் தட்டையான பரப்புகளில் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதுதான் என் கவலை. தட்டையாகத் தெரிகிற பரப்பு உண்மையில் தட்டையாக இருக்கக் கூடாது. தட்டையான தகடு டையிலிருந்து வெளியே வந்ததும் நடுவில் தொய்ந்து, வெயிலில் டப்பா மாதிரித் தெரியும். அதற்கு யாருக்கும் தெரியாத அளவில் ஒரு வளைவு கொடுக்க வேண்டும். கிரீடம் வைப்பது என்போம். கான்செப்ட் காரைக் கையால் செய்கிறார்கள், எத்தனை வாரம் வேண்டுமானாலும் தேய்க்கலாம். நிமிடக் கணக்கில் கார் வெளியேறுகிற ஆலையில் அந்த அமைதியைக் கொண்டுவருவது, உருண்டையான காரில் கொண்டுவருவதைவிடப் பல மடங்கு கடினம். உருண்டையில் சின்னத் தப்பு ஒளிந்துகொள்ளும், தட்டையில் ஒளிய இடமில்லை.

சந்தேகமான பெரிய விஷயம் நேரம். 2021இல் இந்த முடிவை எடுத்தபோது எல்லோரும் ஒரே பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். இன்று அப்படி இல்லை. 2030இல் முழு மின்சாரம் என்று சொன்ன பென்ட்லி அதை 2035க்குத் தள்ளிவிட்டது. போர்ஷே 2025 செப்டம்பரில் தன் மின்சாரத் திட்டங்களைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, பெட்ரோலையும் ஹைப்ரிடையும் நீட்டித்தது. மறுபக்கம், 2023இல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் ஸ்பெக்டர் முழு மின்சாரம், நன்றாகவே போனது. ஆக, அந்த உயரத்தில் உள்ள ஆட்களுக்கு மின்சாரம் தடை இல்லை. ஆனால் அவர்கள் ரோல்ஸ் ராய்ஸை ரோல்ஸ் ராய்ஸ் என்பதற்காக வாங்குகிறார்கள். போர்ஷேக்கும் பென்ட்லிக்கும் பின்வாங்க வேறு மாடல்கள் இருக்கின்றன, ஜாகுவாருக்கு இல்லை. இதற்கு நடுவில் 2025இல் அமெரிக்க இறக்குமதி வரி, செப்டம்பரில் இணையத் தாக்குதலால் ஆலைகள் ஒரு மாதத்துக்கு மேல் நின்றது என்று ஜேஎல்ஆருக்கு அடுத்தடுத்து அடி. அந்த நவம்பரில் டாடா மோட்டார்ஸின் நிதித் தலைவராக இருந்த பி.பி. பாலாஜி ஜேஎல்ஆரின் தலைவரானார். சென்னை ஐஐடியில் மெக்கானிக்கல் படித்தவர். நிதி தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது, மூன்று மாடல் என்று போட்ட திட்டத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் எப்போது வரும் என்பதைப் பாதிக்கும் என்று ஊகிக்கிறேன். ஊகம்தான். ஒரு சின்னப் பிராண்டுக்கு என்றே தனி அடித்தளம் செய்துவிட்டு ஒரே ஒரு காரோடு நிறுத்தினால், எக்ஸ்இயில் தப்பாகிப்போன அதே கணக்கு திரும்ப வந்து நிற்கும்.

கூடவே, ராணிப்பேட்டை பனப்பாக்கத்தில் உள்ள டாடாவின் ஆலையில் இந்தக் கார் வருமா என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டிய, 9,000 கோடி ரூபாய் முதலீட்டிலான ஆலை அது. டாடா காரும் ஜேஎல்ஆர் காரும் செய்வதற்கென்று அறிவிக்கப்பட்டது. இந்த ஜிடிக்கு அறிவிக்கப்பட்ட இடம் சோலிஹல்தான். குறைவாகச் செய்து விற்கப்போகிற காரை இரண்டு நாட்டில் செய்ய மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆக, உங்கள் இரண்டு கேள்விக்கும் என் பதில்: பழைய ஜாகுவாரை நிறுத்தியது சரி, விகிதத்தைத் தேர்ந்தெடுத்ததும் சரி, சொன்ன விதம் தப்பு, விலையும் நேரமும் இன்னும் தெரியாத சங்கதி. இந்தப் பதிலை எழுதும்போது கார் மறைப்புத் தாள் ஒட்டிய நிலையில்தான் சோதனை ஓட்டத்தில் இருக்கிறது. தாளை எடுத்த அன்று எல்லோரும் முன்பக்கப் படத்தைத்தான் பகிர்வார்கள். நீங்கள் பக்கவாட்டுப் படத்தைத் தேடுங்கள். முன் சக்கரத்தின் மையத்திலிருந்து முன் கதவின் விளிம்புவரை உள்ள தூரத்தை, கான்செப்டின் படத்தோடு ஒப்பிடுங்கள். கதவு நான்கு ஆகும்போது முதலில் வெட்டப்படுவது அந்த இடம்தான், ஏனென்றால் பின்சீட்டில் கால் நீட்ட இடம் வேண்டும் என்று யாராவது ஒரு கூட்டத்தில் கேட்டிருப்பார்கள். அது குறையாமல் வந்திருந்தால், உள்ளே யாரோ கடைசிவரை நின்று சண்டை போட்டிருக்கிறார்கள். அப்புறம் முடிந்தால் வெளியில், சாயங்கால வெயிலில், அந்தக் கதவின் மேல் ஓடுகிற வெளிச்சக் கோட்டைப் பாருங்கள். முன் கதவில் ஓடி வருகிற கோடு இடுக்கைத் தாண்டிப் பின் கதவுக்குள் போகும்போது அடி மாறாமல் அதே உயரத்தில் போகிறதா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.